மூதாதையர் நம்பிக்கையும் மீட்பின் நாளும்

கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாஹி மன்னர்களைப் பற்றிப் பேசும்போது வைரமும் கோட்டையும் நம் நினைவுக்கு வருமளவு நூல்கள் வருவதில்லை. ஆயினும் ஐதராபாத் நகரம் சமய வரலாற்றுக்குச் செய்த அரிய தொண்டொன்று ஒரு நூலின் வாயிலாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்துல்லா குதுப்ஷா அரசாண்ட காலத்தில், 1647-ஆம் ஆண்டில், பல சமயங்களின் கொள்கைகளையும் ஒரே ஏட்டில் திரட்ட முனைந்த பாரசீக ஆசிரியர் ஒருவர் இந்நகரில் தங்கியிருந்தார். அவர் இயற்றிய நூல் ‘தபிஸ்தானே மஸாஹிப்’. ‘சமயங்களின் பள்ளிக்கூடம்’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆசிரியர் இன்னார் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. யூத சமயத்தைப் பிறர் வாய்க் கேட்டு எழுத அவர் விரும்பவில்லை; உள்ளிருந்து அறிந்த ஒருவரையே தேடினார். அவரை ஐதராபாத்தில் கண்டார்.

அவர்தாம் சர்மத். பாரசீகத்திலுள்ள காஷான் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, தம் முன்னோரின் மறையைக் கற்றுத் தேர்ந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, வணிகராகச் சிந்து நாட்டின் தட்டா நகருக்கு வந்து, அங்கே பொருளையும் துறந்து ஆடையையும் துறந்த ஞானி. அவருடைய உற்ற துணைவர் அபய் சந்த் என்னும் இந்து இளைஞர். அந்த இளைஞர் சர்மத்திடம் பாடங்கேட்டு யூத மறையின் தொடக்கப் பகுதியைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அதைத் தபிஸ்தான் ஆசிரியர் சர்மத்துடன் ஒப்பு நோக்கித் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். யூத மரபில் பிறந்தவர் ஒருவர் ஓத, இந்து ஒருவர் மொழிபெயர்க்க, பாரசீக ஆசிரியர் ஒருவர் எழுதிக்கொண்டார். இது நிகழ்ந்தது நாம் வாழும் இந்தத் தக்காணத்துத் தலைநகரில். பிற்காலத்தில், ஔரங்கசீப்பின் ஆட்சியில், ஏறக்குறைய 1661-இல் சர்மத் தில்லியில் கொல்லப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் ஜும்மா மசூதியின் அருகே இன்றும் மக்கள் வணங்கும் இடமாக இருக்கிறது.

அபய் சந்தின் மொழிபெயர்ப்பு உலகப் படைப்பில் தொடங்கி நோவாவின் காலத்தோடு நின்றுவிடுகிறது. ஆபிரகாமின் கதை அதற்குப் பின்னரே வருகிறது. யூத மக்களின் நம்பிக்கை வரலாறோ ஆபிரகாமிடம்தான் தொடங்குகிறது. ஐதராபாத்தின் ஏடு நின்ற இடத்திலிருந்து அக்கதையைத் தொடர்வதே இங்கு நம் நோக்கம். நாடிழந்து, கோயிலிழந்து, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பல தேசங்களில் சிதறி வாழ்ந்த ஓர் இனம், ‘மீட்பின் நாள் வரும்’ என்ற எண்ணத்தை எவ்வாறு கைவிடாதிருந்தது? அந்த எண்ணத்தை எது தாங்கி நின்றது?

முதலில் ‘மீட்பு’ என்ற சொல்லையே ஆராய்வோம். தமிழில் அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒற்றி வைத்த நிலத்தை மீட்கிறோம். ஒருகாலத்தில் நம்முடையதாயிருந்து கைமாறிப் போனதைத் திரும்பப் பெறுவதே மீட்பு. எபிரேய மொழியிலும் இச்சொல் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும்தான் பிறந்தது. வறுமையால் ஒருவன் தன் பிதுரார்ஜித நிலத்தை விற்றுவிட்டால், அதை நெருங்கிய உறவினன் பணங்கொடுத்து மீட்க வேண்டும்; தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவனையும் அவ்வாறே மீட்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அந்த உறவினனுக்குக் ‘கோயேல்’ என்று பெயர். இறைவனை மீட்பன் என்று யூதர் அழைக்கும்போது இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். எனவே, அவர்கள் எண்ணத்தில் மீட்பு வானத்திலிருந்து திடீரென விழும் அதிசயமன்று. உறவினால் வரும் உரிமை. உறவு முன்னோர் வழியாக வருவது. ஆதலால் மீட்பின் நம்பிக்கையும் முன்னோர் வழியாகவே வருகிறது.

அந்த முன்னோர்களுள் முதல்வர் ஆபிரகாம். மக்கட்பேறின்றி முதுமையடைந்த அவரை இறைவன் ஓர் இரவில் வெளியே அழைத்து, விண்மீன்களைக் காட்டி, உன் சந்ததி இவ்வளவாகப் பெருகும் என்று சொன்னதாக மறை கூறுகிறது. ஆபிரகாம் அதை நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்கு அறமாகவே எண்ணப்பட்டது. அதே சமயத்தில் இன்னொன்றும் அவருக்குச் சொல்லப்பட்டது: உன் மக்கள் அந்நிய நாட்டில் 400 ஆண்டுகள் அடிமைப்பட்டிருப்பார்கள், பின்னரே விடுதலை பெறுவார்கள் என்று. வாக்குறுதியோடு துன்பமும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிற்கால ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் எழுதியபோது, எகிப்திலிருந்து மக்கள் மீட்கப்பட்டது ஆபிரகாம் வைத்த அந்த நம்பிக்கையின் பயனே என்றார்கள். முன்னோர் சேர்த்து வைத்த இந்த அறப்பயனுக்கு எபிரேயத்தில் ‘ஸெகூத் ஆவோத்’ என்று பெயர். தந்தையர் புண்ணியம் என்று நாம் சொல்லலாம். ‘பெரியவர்கள் செய்த புண்ணியம்’ என்று நம் வீடுகளில் வழங்கும் பேச்சுக்கு மிக நெருங்கியது இது.

யூதர்கள் நாள்தோறும் மும்முறை நின்றுகொண்டு ஓதும் வழிபாடு ஒன்று உண்டு. அதன் முதற் பகுதி இறைவனை ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று அழைக்கிறது. தந்தையர் காட்டிய அன்பை அவன் மறவாதவன் என்றும், அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு மீட்பரைக் கொணர்பவன் என்றும் போற்றுகிறது. கடந்த காலமும் வருங்காலமும் ஒரே மூச்சில் வைத்துச் சொல்லப்படுகின்றன. நடுவில் நிற்பவன், இன்று வாழும் எளிய மனிதன். அவனுக்குப் பின்னால் பாட்டன், முன்னால் பேரன். தான் தனியன் அல்லன் என்ற உணர்வே அவன் நம்பிக்கைக்கு அடிப்படை.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. முன்னோர் புண்ணியம் நம்மைக் காக்குமென்றால், நாம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா? முன்னோர் பாவம் நம்மைத் தொடருமென்றால், நாம் எது செய்தும் பயனில்லையா? இவ்விரு கேள்விகளையும் யூதச் சான்றோர் விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். தந்தையர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வந்தது. எரேமியா, எசேக்கியேல் என்னும் இரு தீர்க்கதரிசிகளும் அதை மறுத்தார்கள். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்றார்கள். தல்மூது என்னும் பெருநூலிலோ, தந்தையர் புண்ணியம் எந்தக் காலத்தோடு தீர்ந்துபோயிற்று என்றே ஒரு விவாதம் நடக்கிறது. ஒருவர் ஓசேயாவின் காலம் என்கிறார். மற்றொருவர் எலியாவின் காலம் என்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ரப்பேனு தாம் என்னும் உரையாசிரியர் இதற்கு அமைதி கூறினார்: புண்ணியம் தீர்ந்திருக்கலாம், ஆனால் தந்தையரோடு இறைவன் செய்துகொண்ட உடன்படிக்கை தீரவில்லை என்றார். சேமித்த செல்வம் கரையலாம். உறவு முறியாது என்பது இதன் கருத்து.

நம்பிக்கை செயலாக மாற வேண்டும் என்பதற்கு எரேமியாவின் வாழ்வே சான்று. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழப் போகிறது என்று அறிவித்தவரே எரேமியாதாம். அதற்காகவே காவலில் வைக்கப்பட்டிருந்தார். அந்நிலையில் அவருடைய சிற்றப்பன் மகன் வந்து, அனதோத் ஊரிலுள்ள குடும்ப நிலத்தை மீட்கும் உரிமை உமக்கே உண்டு, வாங்கிக்கொள்ளும் என்றான். பகைவன் கைக்குப் போகவிருந்த அந்நிலத்தை எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். பத்திரத்தை முத்திரையிட்டு, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். தம் வாழ்நாளில் உழப்போகாத நிலத்துக்குப் பத்திரம் எழுதி வைத்த அச்செயலைவிட, நம்பிக்கைக்குச் சிறந்த இலக்கணம் வேறு என்ன வேண்டும்?

இந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பள்ளி வீடுதான். ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளிரவில் குடும்பத்தில் இளைய குழந்தை கேள்வி கேட்க, பெரியவர்கள் எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைச் சொல்ல வேண்டும். எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவனும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ‘நம் முன்னோர் அடிமைகளாயிருந்தார்கள்’ என்பதை மறைக்காமல், அதையே முதலில் சொல்லித் தொடங்குகிறார்கள். மன்னர் வழிவந்தோம் என்று பெருமை பேசும் இனங்கள் பல. அடிமைகளின் வழிவந்தோம் என்பதைத் திருநாளாகக் கொண்டாடும் இனம் அரிது.

மீட்பின் நாளை எதிர்நோக்கிய மக்களை ஏமாற்ற வந்தவர்களும் உண்டு. 1172-ஆம் ஆண்டு வாக்கில் ஏமன் நாட்டு யூதர்கள் மதமாற்றக் கட்டாயத்தாலும், தன்னையே மீட்பனின் தூதன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனாலும் அலைக்கழிந்தபோது, எகிப்திலிருந்து மைமோனிதேசு என்னும் பேரறிஞர் அவர்களுக்கு நீண்ட மடல் எழுதினார். இந்தியக் கடல் வாணிகத்துக்குப் புறப்பட்ட தம் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவர் அவர். நாள் குறித்துக் கணக்கிடாதீர்கள், பொய்யனை நம்பாதீர்கள், முன்னோர் பெற்ற வாக்கைப் பற்றி நில்லுங்கள் என்பதே அவர் அறிவுரை. மீட்பன் தாமதித்தாலும் காத்திருப்பதைச் சமயத்தின் 13 அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வகுத்தவரும் அவரே. எனினும் 1665-இல் சப்பத்தாய் செவி என்பவர் தம்மையே மீட்பர் என்று அறிவித்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல்லாயிரவர் நம்பினர். மறு ஆண்டே அவர் துருக்கிய சுல்தானின் முன்னிலையில் மதம் மாறியபோது கலங்கினர். ஆளை நம்பிய நம்பிக்கை உடைந்தது. முன்னோர் வாக்கை நம்பிய நம்பிக்கை எஞ்சி நின்றது.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றதா, வாழ்விலும் நடந்ததா என்று அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழந்தமிழரின் முசிறித் துறை இருந்த பெரியாற்றுக் கரையிலேயே அதற்குச் சான்று உண்டு. கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்த பின்னர்த் தம் முன்னோர் கொடுங்கல்லூருக்கு வந்து சேர்ந்தனர் என்பது கேரள யூதர்களின் மரபு. அவர்கள் அங்கு வேரூன்றியிருந்ததை மெய்ப்பிப்பது, கி.பி. 1000 அளவில் சேரப் பெருமான் பாஸ்கர ரவிவர்மன் அளித்த செப்பேடு. முயிரிக்கோட்டில் தங்கியிருந்த மன்னன், இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்கினான். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலியவை அவற்றுள் அடங்கும். உல்கு என்னும் சுங்கத்தினின்றும் விலக்களித்தான். வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏட்டின் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. நம்மில் எழுத்தறிந்தோர் இன்றும் பல சொற்களை இனங்கண்டுகொள்ளலாம். உலகும் சந்திரனும் உள்ள வரை இவ்வுரிமை சந்ததிக்குச் செல்லும் என்பது அதன் முடிபு. விண்மீனைக் காட்டி ஆபிரகாமின் சந்ததிக்கு ஒரு வாக்கு. சந்திரனைச் சாட்சியாக்கி இசுப்பு இரப்பானின் சந்ததிக்கு ஒரு வாக்கு. இவ்விரண்டையும் கேரள யூதர் ஆயிரமாண்டுகள் ஒருங்கே காத்தனர்.

சேர நாட்டு மன்னரும் மக்களும் அவர்களைத் துன்புறுத்தவில்லை. துன்பம் கடல் கடந்து வந்த போர்த்துகீசியரால் வந்தது. கொடுங்கல்லூரை விட்டகன்றவர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே இடந்தந்தார்; 1568-இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1662-இல் போர்த்துகீசியர் அதைச் சூறையாடினர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. ஆடவர் எபிரேயத்தில் வழிபட, பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டினர். ஆபிரகாமின் கதையும், இசுப்பு இரப்பானின் புகழும், சீயோனின் ஏக்கமும் அப்பாடல்களில் உண்டு. தாயின் கையெழுத்துச் சுவடியை மகள் படியெடுத்துக்கொள்வாள். சவப்பெட்டியில் கொடுங்கல்லூர் மண்ணில் ஒரு பிடி இடும் வழக்கமும் இருந்ததாகப் பதிவு உண்டு. எருசலேமை நோக்கிய நம்பிக்கை, இந்த மண்ணின் மேல் வைத்த பற்றைக் குறைக்கவில்லை.

ஆனால் முன்னோர் பெயர் எப்போதும் நன்மைக்கே பயன்பட்டதென்று சொல்வதற்கில்லை. பரதேசி ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்களுக்குச் சம உரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் முன்கூடத்தில் தரையில் அமர வேண்டும். மறை வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். ‘நாம் எல்லோரும் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம்’ என்று ஆண்டுதோறும் ஓதியவர்களே, அடிமைகளின் மக்கள் என்று சிலரை விலக்கி வைத்தனர். மற்ற ஜெப ஆலயங்களைச் சேர்ந்த மலபார் யூதரிடமிருந்தும் அவர்கள் தம்மை வேறாகவே வைத்துக்கொண்டனர். இந்த நாட்டுச் சாதிமுறையின் சாயல் அங்கேயும் படிந்திருந்தது.

அவ்வாறு விலக்கப்பட்ட குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். சென்னையில் உயர்கல்வி பெற்று வழக்கறிஞரானார். 1929-ஆம் ஆண்டு லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் ஜெப ஆலயத்துக்குள்ளேயே கையாண்டார். வழிபாட்டு நேரத்தில் அமைதியாக எதிர்த்து நின்றும் உண்ணாநோன்பிருந்தும் போராடினார். பழைய தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. முன்னோர் நம்பிக்கையை மறுத்து அவர் வெற்றி பெறவில்லை. அந்த நம்பிக்கையின் உண்மைப் பொருளை அதன் காவலர்களுக்கே நினைவூட்டி வெற்றி பெற்றார். மீட்பை வேண்டுவோர் முதலில் தம் வாயிலைத் திறக்க வேண்டும் என்பது அவர் வாழ்வு சொல்லும் பாடம்.

1948-இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. கேரளத்தில் அப்போது இருந்த யூதர் ஏறக்குறைய 2500 பேர். தம் முன்னோர் நாடோறும் வேண்டிய நாள் வந்துவிட்டதென்றே அவர்களுள் மிகப் பலர் எண்ணினர். யானைக்கால் நோய் பரவுமோ என்று அஞ்சிய புதிய நாட்டின் அதிகாரிகள் அவர்களை உடனே ஏற்கத் தயங்கினர். ஆயிரமாண்டுக் காத்திருப்பின் முடிவில், மருத்துவச் சான்றுக்காகவும் காத்திருக்க நேர்ந்தது. சேலம் நேரில் சென்று அவர்களுக்காக வாதாடினார். 1953 முதல் 1955 வரை பெரும்பாலோர் புறப்பட்டனர். மாளா ஊரினர் 1955-இல் தம் ஜெப ஆலயத்தை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றனர். நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் என்னும் குடியிருப்பில் குடியேறியவர்கள் பின்னாளில் மலர் பயிரிட்டுப் பெயர் பெற்றனர். சேலமோ கொச்சியிலேயே தங்கி 1967-இல் காலமானார். கேரளத்தில் எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ளவை இன்று அருங்காட்சியகங்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடு எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரதேசி ஆலயத்தைக் காண வருவோர் கூட்டத்துக்குக் குறைவில்லை, வழிபடத்தான் ஆளில்லை.

இதை மீட்பு என்பதா, இழப்பு என்பதா? யூதரிடையேயே ஒரே விடையில்லை. அரசு அமைந்ததே மீட்பின் தொடக்கம் என்போர் உண்டு. மீட்பு மனிதர் அமைக்கும் அரசன்று என்போரும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் 60 லட்சம் யூதர் கொல்லப்பட்ட பின்னர், எந்த வாக்கையும் நம்ப இயலாது என்று விலகியவர்களும் உண்டு. அதே கொலைக்களத்தில் மீட்பரை எதிர்நோக்கும் கொள்கையை ஓதிக்கொண்டே மடிந்தவர்களும் உண்டு. 1948-இல் பாலஸ்தீன அரபு மக்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் தம் ஊர்களை இழந்ததையும் நாம் மறக்கலாகாது. அவர்களும் தங்கள் பாட்டன் வீட்டுச் சாவியைப் பேரனுக்குக் காட்டிக் காத்திருக்கிறார்கள். மீட்பு என்பது உறவினன் கடமை என்றால், யார் யாருக்கு உறவினன் என்ற கேள்விக்கு மனித குலம் இன்னும் முழு விடை காணவில்லை.

தாய்நாட்டை விட்டு வந்து பிற மொழி பேசும் மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடையதன்று. தென்புலத்தாரைப் போற்றுவதை இல்வாழ்வோன் கடமைகளுள் ஒன்றாக வள்ளுவர் வைத்தார். பத்மராவ் நகர் ஸ்கந்தகிரியில் முருகனுக்குக் கோயில் கண்டவர்களும், பிள்ளைகளுக்கு மாலை வேளையில் தமிழ் எழுத்துக் கற்பிப்பவர்களும் அக்கடமையைத்தான் செய்கிறார்கள். பழைய பெருமையைப் பேசுவது எளிது; அதைப் பிறரை விலக்கும் வேலியாக்குவது அதனினும் எளிது. முன்னோர் எதை நம்பித் துன்பத்தைத் தாங்கினார்களோ அதைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லி, அதற்கேற்ப நாமும் நடப்பதுதான் அரிது. முற்றுகைக்குள் நிலம் வாங்கிய எரேமியா செய்தது அது. தாயின் பாட்டுச் சுவடியைப் படியெடுத்த கொச்சிப் பெண்கள் செய்தது அது. தன்னை விலக்கிய ஆலயத்தைத் தான் விலக்காமல் நின்ற சேலம் செய்ததும் அதுவே. நம்பிக்கை முன்னோரிடமிருந்து வருகிறது. அதைத் தக்கவைக்கும் பொறுப்போ என்றும் இருப்போரிடமே இருக்கிறது.